ஏழரை மணிக்குப் பூட்டிய கேட்

புதிதாகக் கட்டொழுங்குப் பொறுப்பு ஏற்றிருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு விசிலும் ஒரு சாவிக்கொத்தும் கொடுத்திருப்பார்கள். பிரம்பை யார் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்ற சுற்றறிக்கையையும் கொடுத்திருப்பார்கள். அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. விசிலைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சாவிக்கொத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பதினோரு ஆண்டுகள் தலைமைக் கட்டொழுங்கு ஆசிரியர். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் டவுன் பிள்ளைகள், மீதிப் பேர் சுற்றியுள்ள, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்களிலிருந்து வேனில் வருபவர்கள். பொறுப்பு கைக்கு வந்த வாரமே ஒரு சட்டம் போட்டேன். ஏழு முப்பதுக்கு மணி, ஏழு முப்பதுக்குப் பூட்டு. காவலாளியிடம் விட்டால் முகத்தைப் பார்த்து இரக்கப்படுவார் என்று நானே நின்று பூட்டினேன். பிந்தி வருபவர்கள் வெளியே நிற்க வேண்டும். முதல் பாடம் முடிந்து எட்டுப் பத்துக்குத் திறந்து, பெயரை எழுதிக்கொண்டு உள்ளே விடுவேன். மூன்று முறை பெயர் ஏறினால் ஓர் எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் இடைநீக்கம்.

பிள்ளைகள் எனக்கு 'ஏழரை' என்று பெயர் வைத்தார்கள். கழிப்பறைச் சுவரில்கூட எழுதியிருந்தார்கள். வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் உள்ளூர எனக்குப் பெருமைதான்.

முதல் ஆண்டு முடிவதற்குள் தாமதப் பதிவேட்டில் பெயர்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. காலைக் கூட்டத்தில் முதல்வர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். பிள்ளைகள் திருந்திச் சீக்கிரம் வரத் தொடங்கிவிட்டார்கள் என்று நானும் நம்பினேன். பூட்டிய கேட்டைப் பார்த்ததும் பலர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. பள்ளிக்கு வராதவர்களின் பட்டியல் வேறோர் ஆசிரியரின் மேசையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் அதையாவது செய்யுங்கள்.

அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருவன் குணசீலன். படிவம் நான்கு, பதினாறு வயது, தோட்டத்துப் பிள்ளை. கேட் பூட்டியிருந்த நாள்களில் கடைவரிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருப்பான். அங்கே பள்ளிக்கூடம் முடித்தும் முடிக்காமலும் சுற்றிக்கொண்டிருந்த பெரிய பையன்கள் இருந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் ஒரு மோட்டர் சைக்கிளைக் கொண்டுவந்து, "ஏறுடா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றிருக்கிறான். இவன் பின்னால் ஏறிவிட்டான். மோட்டர் திருட்டு மோட்டர். பெரியவன் குதித்து ஓடிவிட்டான், பள்ளிச் சீருடையில் இருந்த இவன் அகப்பட்டுக்கொண்டான்.

வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போயிற்று. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது: பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் மாஜிஸ்திரேட் உடனே தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார். சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி வீட்டையும் பள்ளியையும் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்காகப் பள்ளிக்கு ஒரு பாரம், நிரப்பிக் கொடுக்க வேண்டிய அச்சுத்தாள், வரும். பிள்ளையின் நடத்தை எப்படி, பள்ளியின் கருத்து என்ன என்று சில கோடுகள் மட்டும் இருக்கும். அந்தக் கோடுகளில் நாம் எழுதுவது நேராக மாஜிஸ்திரேட் கைக்குப் போகிறது.

அந்தப் பாரத்தைக் கொண்டுவந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். அடுத்த மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. நின்றுகொண்டே எழுதினேன்: "பிடிவாதமானவன். மரியாதை அறியாதவன். பள்ளியால் திருத்த இயலாது." கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "இவன் வீடு எங்கன்னு தெரியுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஃபைல்ல இருக்கும், பாருங்க" என்றேன்.

அவர் பாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். குணசீலனை மூன்று ஆண்டுகளுக்குச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு மாதம் கழித்து ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். "அங்கயாச்சும் திருந்தட்டும்" என்று சொல்லிவிட்டு என் தேநீரைக் குடித்து முடித்தேன். அந்தத் தேநீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

இது நடந்து எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் ரேவதி விஷயம் வந்தது. இடையில் நான் மாறியிருப்பேன் என்று நினைக்காதீர்கள். பூட்டு பழசாகி வேறு பூட்டு வாங்கினேன், அவ்வளவுதான்.

ரேவதி படிவம் மூன்று. அவளும் தோட்டத்திலிருந்து வருபவள். அந்த ஆண்டு தாமதத்துக்காக ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். இன்னும் ஒரே முறை பெயர் ஏறினால் மூன்றாவது கடிதம் என்ற நிலைமை. அன்று காலை நான் கேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுத் திரும்பும்போது தோட்டத்து வேன் வந்து ஹாரன் அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு முப்பத்து மூன்று. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஹாரன் இன்னும் இரண்டு முறை கேட்டது.

மற்ற பிள்ளைகள் வழக்கம்போல் வெளியே நின்றார்கள். ரேவதி பள்ளியின் பின்பக்கம் போய்க் கம்பிவேலியில் ஏறியிருக்கிறாள். முதல் பாடத்தில் கணக்குச் சோதனை, அதோடு அந்த மூன்றாவது கடிதத்தின் பயம். பாவாடை கம்பியில் மாட்டிக்கொண்டது. இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் அவள் தவித்ததை மாடித் தாழ்வாரத்தில் நின்ற வகுப்புத் தோழி ஷர்மிளா ரகசியமாகக் கொண்டுவந்த கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட்டாள். இடைவேளைக்குள் அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் தாண்டிப் பள்ளி முழுக்கப் போய்விட்டது. கேண்டீனில் ஷர்மிளா அதை இன்னும் நான்கு பேரிடம் காட்டிச் சிரிக்க, ரேவதி கையிலிருந்த இரும்புத் தண்ணீர் போத்தலால் அடித்துவிட்டாள். ஷர்மிளாவின் நெற்றி கிழிந்து மூன்று தையல் போட வேண்டியதாயிற்று.

என் அறையில் ரேவதியை உட்கார வைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் கோபம். போலீஸ் புகாருக்கான குறிப்பை எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். முறைக்குக் கேட்பதுபோல், "ஏன் அடிச்ச?" என்று கேட்டேன். அவள் அழவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"நீங்க பூட்டிட்டீங்க. நான் ஏறினேன். அவ படம் புடிச்சா. நான் அடிச்சிட்டேன் டீச்சர்."

எதிர்த்துப் பேசும் குரல் இல்லை அது. கணக்குப் பாடத்தில் வழிமுறையைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னாள். நான்கு வாக்கியத்தில் முதல் வாக்கியம் என்னுடையது. பேனாவை மூடி வைத்தேன். ஞானம் வந்து வைத்தேன் என்று பெருமை பேச மாட்டேன். வெட்கத்தில் வைத்தேன்.

எழுந்து போனால், முதல்வரின் அறையில் ஷர்மிளாவின் அப்பா நின்றுகொண்டிருந்தார். டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர், பெற்றோர் சங்கத்தில் முக்கியமானவர். சட்டையில் மகளின் இரத்தம் இருந்தது.

"டீச்சர், எம்புள்ள நெத்தியில மூணு தையல். இந்த மாதிரி புள்ளைங்கள இங்க வச்சிக்கிட்டு என்ன பண்றீங்க? ஸ்கூல் ரிப்போர்ட் பண்ணுதா, இல்ல நான் பண்ணட்டுமா?"

முதல்வர் மலாய்க்காரர், நிதானமானவர், ஆனால் பெற்றோர் சங்கம் என்றால் அவருக்கு நடுக்கம். "சிக்கு, நீங்கள் இவரோடு பாலாய்க்குப் போய்ப் பள்ளியின் சார்பில் புகார் கொடுத்துவிடுங்கள்" என்று மலாயில் சொன்னார். சிக்கு என்றால் ஆசிரியர், துவான் என்றால் ஐயா, பாலாய் என்றால் காவல் நிலையம்.

"நாளைக்குக் காலையில் கொடுக்கலாம் துவான். இன்னும் பாதிதான் விசாரித்திருக்கிறேன்" என்றேன்.

ஷர்மிளாவின் அப்பா காத்திருக்கவில்லை. அவரே போய்க் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பெற்ற பிள்ளையின் இரத்தத்தைப் பார்த்தவர். மறுநாள் அந்த வீடியோவைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதுவரை அவருக்குத் தெரியாது. "அப்ப நான் அந்த ரிப்போர்ட்ட மீட்டுக்கிறேன் டீச்சர்" என்றார். போய்க் கேட்டும் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆயுதத்தால் காயப்படுத்தியது என்று பதிவான பிறகு அது அவருடைய விஷயமும் இல்லை, நம்முடைய விஷயமும் இல்லை, அரசாங்கத்தின் விஷயம். கோபத்தில் ஒரு தாளை அனுப்பிவிட்டு நாளைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நீங்களும் நினைத்துவிடாதீர்கள்.

ரேவதி தாயோடு பாலாய்க்குப் போனாள், ஜாமீனில் வந்தாள், நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டாள். இரண்டு எச்சரிக்கைக் கடிதம், வேலி தாண்டியது, அடித்ததற்கு ஓர் இடைநீக்கம், இப்போது இந்த வழக்கு. தாள்களை மட்டும் பார்த்தால் இவள் நேராகச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை. அந்தத் தாள்களில் பெரும்பாலானவை என் கையெழுத்தில் இருந்தன.

பாரத்தைக் கொண்டுவந்தவர் அதே அதிகாரி. தலை நரைத்திருந்தது. மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மூணு வாரத்துல கேஸு. நான் காத்திருக்கட்டுங்களா டீச்சர்? போன தடவ பத்து நிமிஷந்தான் ஆச்சு."

எட்டு ஆண்டுகளாக அவர் அந்தப் பத்து நிமிடத்தை மறக்கவில்லை. எனக்கு முகம் சுட்டது. "ஒரு வாரம் குடுங்க" என்றேன்.

"தாராளமா எடுத்துக்குங்க. வீடு எங்கன்னு தெரியுங்களா?"

"தெரியாது. போய்ப் பாக்கறேன்."

முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அவர் எனக்குப் பாடம் நடத்தியதே இல்லை. இரண்டு தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். என் பணிக்காலத்தில் நான் போன பயிற்சிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே தோட்டத்து வேன் புறப்படும் இடத்தில் போய் நின்றேன். இன்னும் இருட்டாக இருந்தது. வேன் வந்து நின்றது, ஓட்டுநர் கதவைத் திறந்தார். "அங்கிள், நானும் வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே முகத்தைப் பார்த்தேன். அங்கிள் இல்லை. இருபத்து நான்கு வயது இளைஞன். தாடி வைத்திருந்தான். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும்.

"ஏறுங்க டீச்சர்" என்றான் குணசீலன். "முன்னுக்கு உக்காருங்க. பின்னுக்கு எடம் இல்ல லா."

உட்கார்ந்தேன். "எப்ப வந்த?" என்று கேட்டேன், ஏதோ அவன் வெளியூருக்குப் போய் வந்தவன் மாதிரி.

"வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. லோரி ஓட்டினேன், இப்ப இது. தெனமும் ஒங்க கேட்டுக்குத்தான் வரேன். நீங்க கடிகாரத்தத்தான் பாப்பீங்க, டிரைவர பாக்க மாட்டீங்க."

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்கு மட்டும் அது கிண்டலாக இல்லை. ஹாரன் அடித்தது இவன்தான்.

மூன்று தோட்டம். தொழிலாளர் வீட்டு வரிசையான ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உழுதுபோட்ட மண் பாதையில் வேன் ஊர்ந்தது. ஆறு ஐம்பதுக்குக் கடைசி லயத்துக்கு வந்து இயந்திரத்தை நிறுத்திவிட்டான். வீட்டு வாசலில் ரேவதியின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள். இடைநீக்கத்தில் இருந்த ரேவதி வாசலில் நின்றாள், இடுப்பில் மூன்று வயதுத் தம்பி.

"இங்கதான் டீச்சர் நேரம் போகும்" என்றான் குணசீலன். "அவங்கம்மா புஞ்சாக் ஆலாம் பக்கம் ஃபேக்டரில நைட் ஷிஃப்டு. ஃபேக்டரி பஸ்ஸு முச்சந்தியில எறக்கி விட்டாத்தான் அவங்க வருவாங்க. அவங்க வந்தாத்தான் இவ தம்பிய குடுத்துட்டு ஏற முடியும். அப்பா வெளியூர் லோரி. பஸ்ஸு நேரத்துக்கு வந்தா நாங்க ஏழு இருவத்தஞ்சுக்கு ஒங்க கேட்டுல இருப்போம். வரலன்னா ஏழு முப்பத்தி மூணு."

"நீ அவள விட்டுட்டு மத்தவங்கள கொண்டாந்திருக்கலாமே?"

கேட்ட உடனேயே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அவன் கோபப்படவில்லை. கண்ணாடியில் பின்னால் இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"வேன் விட்டுட்டு போனா அவ என்னா செய்வா? ரோட்டுக்கு வருவா. கடைப் பக்கம் உக்காருவா. எவனாச்சும் ஏறுன்னு சொல்வான். நான் யாரையும் விட்டுட்டு போறதில்ல டீச்சர். லேட்டானா லேட்டு."

பள்ளியால் திருத்த இயலாது என்று நான் எழுதிய பையன். நான் பூட்டிக்கொண்டிருந்த கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் அவன் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நான் வேன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பார்த்தால் என்ன.

பள்ளிக்கு வந்து இறங்கும்போது, "என்னை மன்னிச்சிடு குணா" என்றேன்.

"அதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்ல டீச்சர்" என்றான். "அந்தப் பாரம் வந்திருக்கும் இல்ல? இந்த வாட்டி நல்லா எழுதுங்க."

ஐந்து நாளும் அந்த வேனில் போனேன். நிற்கும் இடம், ஏறும் நேரம், தொழிற்சாலைப் பேருந்து வந்த நேரம் எல்லாவற்றையும் எழுதினேன். ரேவதி வராவிட்டாலும், அதே பேருந்தில் வரும் தாய்மாருக்காகக் காத்திருந்த வேறு பிள்ளைகளும் அந்த லயத்தில் இருந்தார்கள்; ஐந்தில் இரண்டு நாள் நாங்களே பிந்தித்தான் வந்தோம். நான் சொல்லி வைத்தபடி காவலாளி பூட்டை அழுத்திப் பூட்டியிருந்தார்; முதல் முறை பிந்தியபோது கேட்டுக்கு வெளியே நான் நின்று பார்த்தேன். சாவி என் பையிலேயே இருந்தது. திறந்துவிட்டேன். அன்றிலிருந்து யாரிடமும் கேட்காமல் பூட்டுவதை நிறுத்திவிட்டேன். பிந்தி வந்தவர்களிடம் காரணத்தை மட்டும் எழுதி வாங்கி வகுப்புக்கு அனுப்பினேன்.

பாரத்தில் இடம் போதாமல் நான்கு தாள் இணைத்தேன். ரேவதி செய்தது தவறு என்று முதல் வரியிலேயே எழுதினேன். அதை மறைத்தால் மற்றதை யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு தம்பி, தாயின் வேலை, வேன், வீடியோ, வேலி எல்லாம் எழுதினேன். "தாமதமாக வந்த மாணவர்களை வெளியே நிறுத்திக் கேட்டைப் பூட்டியது நான். அது இந்தச் சம்பவத்தின் தொடக்கம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ரேவதியைப் பள்ளி திரும்ப ஏற்றுக்கொள்ளத் தயார் என்பது கடைசி வரி.

முதல்வர் இரண்டு தடவை படித்தார். கேட்டைப் பற்றிய பத்தியில் விரலை வைத்தார்.

"சிக்கு, இது தேவையா? இந்தத் தாள் எங்கெங்கே போகுமோ தெரியாது. உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் ஓர் ஆண்டுதான் இருக்கிறது. இதை எடுத்துவிட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்."

முதல்வர் கையெழுத்து இல்லாமல் போனால் அது பள்ளியின் கருத்து ஆகாது, ஒரு டீச்சரின் கருத்தாக நின்றுவிடும். அதனால் ரேவதிக்கு நட்டம் வந்தால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் மீதி நிற்காது. காரணமே இல்லாமல் வேலி தாண்டி, காரணமே இல்லாமல் அடித்த பிள்ளையாக அவள் ஆகிவிடுவாள். "எடுக்க முடியாது துவான்" என்றேன். அவர் தாள்களை என் பக்கம் தள்ளிவிட்டார். என் கையெழுத்தோடு மட்டும் அது போயிற்று.

வழக்கன்று கோல சிலாங்கூர் நீதிமன்றத்துக்குக் குணசீலன்தான் ரேவதியையும் அவள் அம்மாவையும் என்னையும் வேனில் அழைத்துப் போனான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்துவிட்டான். சிறார் நீதிமன்றம் மூடிய அறையில் நடக்கும், கண்டவர்கள் உள்ளே போக முடியாது. அவன் முன்வாசலில் நின்றுகொண்டான். அதிகாரி கேட்டுக்கொண்டதால் நான் உள்ளே போனேன். உள்ளே போனால், பின் நாற்காலியில் முதல்வர். வரச்சொல்லி அவருக்கும் கடிதம் போயிருக்கிறது. பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மாஜிஸ்திரேட் ஓர் இளம் பெண். என் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"சிக்கு, கேட்டைப் பூட்டியது நீங்களா?"

"ஆமாம் புவான். பத்து ஆண்டாக."

"இப்போதும் பூட்டுகிறீர்களா?"

"இல்லை. இரண்டு வாரமாகப் பூட்டவில்லை."

"யாருடைய அனுமதியோடு?"

யாருடைய அனுமதியும் இல்லை என்று சொன்னால், பள்ளியில் ஒழுங்கே இல்லை, இவளைத் திருப்பி அனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஆகிவிடும். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"என் அனுமதியோடு, புவான்" என்றார் முதல்வர். எழுந்து நின்றுகொண்டிருந்தார். "சிக்கு எழுதியது எல்லாம் பள்ளியின் கருத்து. கையெழுத்துப் போட நான்தான் பிந்திவிட்டேன். இப்போது போடலாமா?"

அந்த இரண்டு வாரமும் அவர் தன் ஜன்னலிலிருந்து கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை நான் பேசியிருக்கிறேன். அத்தனையையும் அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அதிகாரி தன் அறிக்கையைப் படித்தார். ஷர்மிளாவும் அவள் அப்பாவும் கொடுத்த வாக்குமூலம் அதில் இருந்தது. வீடியோ அனுப்பியது தான்தான் என்று ஷர்மிளா சொல்லியிருந்தாள், ரேவதியை அனுப்பிவிட வேண்டாம் என்று அவள் அப்பா கேட்டிருந்தார். வேன் ஓட்டுநரின் வாக்குமூலமும் இருந்தது. தனக்கு நடந்ததை அவன் ஒளிக்காமல் சொல்லியிருந்தான்.

மாஜிஸ்திரேட் பக்கத்திலிருந்த ஆலோசகர்களிடம் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு ரேவதியை எழச் சொன்னார். நன்னடத்தைப் பிணை, ஓர் ஆண்டு. தாயோடு இருக்க வேண்டும், பள்ளிக்குத் தவறாமல் போக வேண்டும். ரேவதிக்கு அது புரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்டுக்குப் போலாம்மா" என்றேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதாள்.

முன்வாசலுக்கு வந்தோம். குணசீலன் வேனில் சாய்ந்து நின்றிருந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினான்.

"என்னைப் பின்வாசல் வழியா கொண்டு போனாங்க டீச்சர்" என்றான். "முன்வாசல் வழியா வர்றவங்க எப்படி இருப்பாங்கன்னு பாக்கணும்னு நின்னேன்." பிறகு ரேவதியிடம், "ஏறு. இன்னும் ரெண்டு பாடம் இருக்கு" என்றான்.

அவள் அம்மாவை முச்சந்தியில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஆகப் போயிற்று. கேட் திறந்தே கிடந்தது. நேராக உள்ளே போகாமல் குணசீலன் வாசலில் நிறுத்தி ஹாரனை அழுத்தினான். வகுப்புகளில் தலைகள் ஜன்னலுக்கு வந்தன.

"திறந்துதானேடா இருக்கு" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றான். "நீங்க இருக்கும்போது அடிச்சுப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச."

இன்னும் இரண்டு முறை அடித்துவிட்டு, வேனை உள்ளே விட்டான்.